ஆறாத சொறி

கருப்பாயி சபதம் போட்டு இன்றோடு பதினெட்டு நாள். கொழுந்தன் மனோகரனின் கெண்டைக்காலில் மூன்று மாதமாகக் குடியிருக்கும் சொறியை அடுத்த லாரி வருவதற்குள் ஆற்றிக் காட்டுகிறேன், இல்லாவிட்டால் என் பேர் கருப்பாயி இல்லை என்று, குழாயடியில் நாலு பேர் காதில் விழும்படி சொன்னாளே, அந்தச் சபதம்தான். லாரி நாளைக் காலை வருகிறது. சொறி ஜம்மென்று இருக்கிறது.

விஷயம் உங்களுக்குத் தெரியும். இந்த ரப்பர்த் தோட்டத்துக்கு வந்த முதல் லாரி கல்யாணமாகாத ஆண்பிள்ளைகளை மட்டும் அள்ளிக்கொண்டு போனது. சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்றே மாதம், அப்புறம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று ஜப்பான்காரன் சொன்னான். பாலோ ஸ்டேஷனில் ரயிலேறிய நாற்பத்து மூன்று பேரில் ஒருத்தனிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. அன்றைக்கு மனோகரன் தப்பித்தது இந்தச் சொறியால்தான். ஜப்பான் டாக்டர் காலைப் பார்த்தான், மூக்கைச் சுளித்தான், புறங்கையால் விரட்டினான். ரயிலில் எல்லாருக்கும் தொத்திவிடுமாம்.

இப்போது இரண்டாவது உத்தரவு. இரண்டு ஆண்பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருத்தன் போயாக வேண்டும். முதலில் இளையவன். இளையவனுக்குத் தொத்து வியாதி என்றால் மூத்தவன். இந்த வீட்டில் மூத்தவன் சதாசிவம், கருப்பாயியின் புருஷன்.

மூடி மறைக்க என்ன இருக்கிறது? மனோகரன் போகட்டும் என்றுதான் கருப்பாயி நினைத்தாள். அவள் கழுத்தில் தாலி ஏறியபோது அவனுக்கு ஒன்பது வயது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பந்தக்காலைப் பிடித்து நின்றான். அவனுக்குச் சோறு போட்டு, துணி துவைத்து, தானும் புருஷனும் ரப்பர்ப் பால் வெட்டிய காசில் குளுவாங் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைத்தாள். படித்துவிட்டு வந்தவன் பால் வெட்டும் உளியைத் தொட மாட்டேன் என்றான். தோட்ட ஆபீசில் பேர் கூப்பிடும் வேலை. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதும் ஒரே மாதத்தில் நாற்பது ஜப்பான் வார்த்தையைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். வாசலில் ஜப்பான்காரன் சைக்கிள் மணி கேட்டால் போதும், இவன் இடுப்பு தானாக வளையும்.

"வாங்க கொழுந்தனாரே, காலைக் காட்டுங்க" என்றாள் அன்று காலையில்.

மனோகரன் முக்காலியில் உட்கார்ந்து, கோவிலில் அபிஷேகத்துக்கு நீட்டுவது மாதிரி காலை நீட்டினான். சாக்குத் துணியில் தைத்த கால்சட்டை. அதிலும் மடிப்பு விட்டுத் தைக்கச் சொன்னவன் அவன்.

"மெதுவா அண்ணி. ராத்திரியெல்லாம் அரிப்பு. கண்ணே மூடலை."

"நீங்க விட்ட குறட்டையில பக்கத்து வீட்டுக் கோழி முழிச்சுக்கிட்டு கத்துச்சு. கண்ணு மூடலையாம்."

கட்டை அவிழ்த்தாள். முட்டிக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்குச் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளமாகப் பொங்கி, நீர் கசிந்துகொண்டிருந்தது. நேற்றைக்கு என்ன இருந்ததோ அதேதான். போன வாரத்துக்கு இந்த வாரம் கொஞ்சம் கூடுதல் என்றுகூடச் சொல்லலாம்.

அவள் என்னதான் செய்யவில்லை? வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டாள். குப்பைமேனியை உப்பு சேர்த்து அரைக்க வேண்டும். உப்புக்கு எங்கே போவது, வெறும் இலையாகவே அரைத்துப் போட்டாள். பிறகு ஆற்றங்கரைக்குப் போய், மலாய்க்காரர்கள் கெலிங்காங் என்று சொல்லும் சீமை அகத்தி இலையைக் கூடை நிறையப் பறித்து வந்து, தினம் இருவேளை சாறு பிழிந்து தேய்த்தாள். படர்தாமரைக்கு அதற்கு மேல் ஒரு மருந்து கிடையாது. ஊரில் யாருக்குப் போட்டாலும் பத்து நாளில் காய்ந்து உதிர்ந்துவிடும். இவன் காலில் மட்டும் பூத்துக் குலுங்குகிறது.

வாசலில் நிழல் விழுந்தது. அடுத்த வீட்டு அங்கம்மா. வைத்தியம் சொல்ல ஆள் வேண்டும் என்று யாரும் கூப்பிட வேண்டியதில்லை, தானே வந்துவிடுவாள்.

"நான் அப்பவே சொன்னேன்லா. இது காணாக்கடி. என்னமோ கண்ணுக்குத் தெரியாம கடிச்சிருக்கு. மந்திரிச்சு, உப்பில்லாப் பத்தியம் இருந்தாத்தான் போகும்."

"உப்பு எங்கடி இருக்கு? ஊரே ஒரு வருஷமா உப்பில்லாப் பத்தியந்தானே இருக்கு? அப்ப எல்லாருக்கும் எல்லா வியாதியும் ஓடிப்போயிருக்கணுமே."

அங்கம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டாள். ஆனால் போகவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

"எதுக்கும் பார்த்துக்க கருப்பாயி. மூணு மாசமா ஆறலைன்னா... பெருநோயா இருந்திடப் போவுது. பெக்கோக் பக்கம் ஒருத்தனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுதாம்."

மனோகரன் வெளுத்துப் போனான். "அண்ணி!" என்றான்.

கருப்பாயி எழுந்தாள். கூரையில் செருகியிருந்த சாக்கு தைக்கும் ஊசியை எடுத்தாள். அடுப்பு நெருப்பில் ஒரு வாட்டு வாட்டினாள். என்ன செய்யப் போகிறாள் என்று அவன் யோசிப்பதற்குள் சொறியின் நடுவில் நறுக்கென்று ஒரு குத்து.

"ஐயோ! அம்மா! கொன்னுட்டாங்களே!"

ஏழு வீட்டுக்குக் கேட்டது அந்த அலறல். லயத்து வரிசை வீடுகளில் இருந்த குழந்தைகள் எல்லாம் வாசலுக்கு ஓடிவந்தன.

"வலிக்குதா?"

"உயிர் போகுது அண்ணி!"

"அப்ப பெருநோய் இல்ல. பெருநோய்த் தேமல்ல ஊசியை இறக்கினாலும் தெரியாது, அது அரிக்கவும் அரிக்காது. டிரெஸ்ஸர் ஐயா சொல்லியிருக்காரு." ஊசியைத் துடைத்துக் கூரையில் செருகினாள். "போதுமா அங்கம்மா? போய் உன் கிழங்கைப் பாரு, அடுப்புல தீயுது."

அங்கம்மா போனதும் கருப்பாயி கொழுந்தனைக் கையைப் பிடித்து எழுப்பினாள். "நடங்க, டிரெஸ்ஸர்கிட்ட. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்."

தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது ஒரு பலகை அறை. அலமாரி நிறைய சீசா. சீசா நிறைய ஒன்றுமில்லை. டிரெஸ்ஸர் தங்கராஜு பழக்கதோஷத்தில் தினமும் அந்தக் காலிச் சீசாக்களைத் துடைத்து வைப்பார். நல்ல மனிதர். கருப்பாயி மதிக்கிற நாலைந்து ஆண்பிள்ளைகளில் ஒருத்தர், அதுவும் அவர் அதிகம் பேசாததால்.

அவர் மனோகரனின் காலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்குகளைப் பார்த்தார். கட்டுத்துணியை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு, "தம்பி, நீ வெளியே போய் மரத்தடியில உக்காரு" என்றார்.

மனோகரன் நொண்டிக்கொண்டே போனான். நொண்ட வேண்டிய அவசியம் அந்தக் காலுக்கு இல்லை என்பது கருப்பாயிக்குத் தெரியும்.

"ஏம்மா, என்ன போடறே இதுக்கு?"

"சீமை அகத்தி. பதினெட்டு நாளா. அது கேக்கலைங்க."

"கேட்டுடுச்சு" என்றார் தங்கராஜு.

கருப்பாயி அவரையே பார்த்தாள்.

"படர்தாமரைன்னா ஓரம் தடிச்சு, நடுவுல தெளிஞ்சு, வட்டமா போகும். முதல்ல இவனுக்கு இருந்தது அதுதான், நானே பார்த்தேன். இப்ப வட்டம் எங்கே? ஒண்ணும் இல்ல. உன் இலை அதைத் தின்னுட்டுது. சிரங்கோன்னு பார்த்தேன். சிரங்குன்னா விரல் இடுக்குல வரும், வீட்டுல இருக்கிற எல்லாரும் சொறிவீங்க. நீ சொறியறியா? உன் புருஷன்?"

"இல்லைங்க."

"அப்ப அதுவும் இல்ல. இது வேற. இந்தக் கொப்புளத்தைப் பாரு, கட்டு எது வரைக்கும் இருந்துச்சோ அது வரைக்கும் இருக்கு. கட்டுக்கு வெளியே ஒரு நூல் அளவுகூடக் கிடையாது. வியாதிக்கு அப்படி அளவெடுத்து நிக்கத் தெரியாதும்மா. கட்டுத்துணியில என்னமோ இருக்கு. தினமும் படுது."

துணியை விரித்துக் காட்டினார். அழுக்குப் பச்சையில் அகத்திச் சாறு. அதன் நடுவே, அங்கங்கே, கரி பூசியது மாதிரி கறுப்பு.

"அது இலைச் சாறு காஞ்ச கறைன்னு நெனச்சேங்க."

"இலைச் சாறு இப்படிக் கறுக்காது. இது ரெங்காஸ் மரத்துப் பால். வெட்டுன உடனே வெள்ளையா இருக்கும், கொஞ்ச நேரத்துல கறுத்துடும். காடு அழிக்கப் போறவங்க எத்தனை பேர் என்கிட்ட வந்திருக்காங்க, மூஞ்சி வீங்கி, கண்ணு மூடிப்போய்! மருந்தே வேணாம். அது படறதை நிறுத்து, வெந்த கஞ்சித் தண்ணியில கழுவு, திறந்து விடு. தானா காஞ்சிடும்."

கருப்பாயிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அவள் சபதம் எட்டு நாள் முன்பே ஜெயித்துவிட்டது. அவள் மருந்து வேலை செய்துவிட்டது. அந்த நாய்ப் பயல் அவள் கட்டிய கட்டுக்குள்ளேயே விஷத்தைத் தடவிக்கொண்டு, அவள் முன்னால் காலை நீட்டி, மெதுவா அண்ணி, அரிக்குது அண்ணி என்று பதினெட்டு நாளாக நாடகம் ஆடியிருக்கிறான்!

"நாலு மணிக்கு நானும் ஆபீஸ் கிராணியும் லயத்துக்கு வர்றோம், பேர் எழுத" என்றார் தங்கராஜு மெல்ல. "இது தொத்து இல்ல. இல்லாததை இருக்குன்னு எழுதி நான் மாட்டிக்க முடியாது. ஆனா காலைப் பார்க்கணும்னு எனக்கு யாரும் உத்தரவு போடலை. யார் போறதுன்னு வீட்டுல என்ன சொல்றீங்களோ, அந்தப் பேரை எழுதிட்டுப் போறேன். பேசி வைங்க."

வெளியே வந்தவளுக்கு மனோகரனை அங்கேயே மரத்தில் கட்டி வைத்து உதைக்கலாம் போலிருந்தது. "வீட்டுக்குப் போங்க" என்று மட்டும் சொன்னாள். முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவன் போகிற திசைக்கு நேர் எதிராக நடந்தாள். ஆத்திரத்தில் நடந்தாளே தவிர எங்கே போகிறோம் என்று யோசிக்கவில்லை.

பாதி வழியில்தான் அந்தக் கேள்வி வந்தது. ரெங்காஸ் பாலுக்கு இவன் எங்கே போனான்?

ரெங்காஸ் தோட்டத்துக்குள் கிடையாது. ஆற்றை ஒட்டிய சதுப்புக் காட்டில்தான் உண்டு. பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்கள் மழைக்குக்கூட அந்த மரத்தடியில் ஒதுங்க மாட்டார்கள். மனோகரன் இந்த மூன்று மாதத்தில் வீட்டை விட்டால் ஆபீஸ், ஆபீசை விட்டால் வீடு. அட்டைக்குப் பயந்து கக்கூசுக்குப் போகும்போதே கையில் குச்சி எடுத்துக்கொள்கிற மகாராசன், சதுப்புக் காட்டுக்குள் கால் வைப்பானா? யாரையோ வைத்துத் தருவித்திருக்க வேண்டும். யாரை?

சதுப்புக் காட்டுப் பக்கம் இப்போது மரவள்ளி நடக் காடு அழிக்கிறார்கள். சதாசிவத்துக்கு ஒரு மாதமாக அங்கேதான் வேலை.

கருப்பாயி அங்கே போனபோது உச்சி சாய்ந்துவிட்டது. அழித்த இடத்தில் ஆட்கள் மதியக் கிழங்கு தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சதாசிவத்தைக் காணோம். "தண்ணி குடிக்க ஆத்துப் பக்கம் போனாரு" என்றான் ஒருத்தன்.

ஆற்றுப் பக்கம் அவள் முதலில் பார்த்தது புருஷனை அல்ல, மரத்தை. பழுப்புப் பட்டை, ஆள் கட்டிப்பிடிக்க முடியாத அடி. இடுப்பு உயரத்தில் ஒரு வெட்டு. இடமிருந்து வலமாகச் சாய்ந்து இறங்கும் கோடு. கோட்டின் கீழ் முனையில் பால் வழிய ஒரு தகர மூக்கு, அதன் அடியில் பால் பிடிக்க ஒரு மங்குக் கிண்ணம். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது மாதிரியே ரெங்காஸ் மரத்தில் வெட்டியிருந்தது.

அந்த வெட்டை அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். பால் வெட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொருத்தர் கைக்கும் ஒரு வெட்டு உண்டு. கையெழுத்தைவிட அது நிச்சயம். ஒருத்தன் உளியை அழுத்திக் கட்டையில் காயம் பண்ணுவான். ஒருத்தி கோட்டின் முடிவில் தூக்கிவிடுவாள். இது அப்படியெல்லாம் இல்லை. நூல் பிடித்த மாதிரி ஒரே ஆழம். பட்டை எவ்வளவு போக வேண்டுமோ அவ்வளவுதான் போயிருக்கிறது. ஆரம்பத்தில் மட்டும் ஒரு சின்ன வளைவு. பதினான்கு வருஷமாக அவள் பக்கத்து நிரையில் நின்று பார்த்த வளைவு. துரை ஒருமுறை எல்லாரையும் கூட்டி வைத்து, இப்படி வெட்டுங்கள் என்று காட்டிய வெட்டு.

கருப்பாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

புதரை விலக்கிக்கொண்டு சதாசிவம் வந்தான். அவளைப் பார்த்ததும் நின்றான். பொய் சொல்ல முகத்தைத் தயார் பண்ணிப் பார்த்தான். அவனுக்கு அது வராது, எப்போதுமே வந்ததில்லை.

"நீங்களா?" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் துவைச்சுக் காயப்போட்ட துணியில நீங்களா தடவுனீங்க? தினமுமா?"

"சாயங்காலம். நீ குழாய்க்குப் போற நேரம்."

"உங்க கையில ஒண்ணும் வரலையா?"

"எனக்கு அது ஒண்ணும் பண்ணலை புள்ள. சில பேருக்குப் பண்ணாது போலிருக்கு." இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சின்னப் பெருமை. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பண்ணாதுதான்! தோல் தடிச்சவங்களுக்கு எது பண்ணும்? ஏய்யா, நான் அவன் காலை ஆத்தினா நீங்க இருப்பீங்கன்னு நாயா பேயா அலையறேன். ஊரெல்லாம் சபதம் போட்டு, இலை பறிச்சு, அரைச்சு. நீங்க எனக்குப் பின்னாலேயே வந்து அதை அழிச்சுக்கிட்டே இருந்தீங்களா? எதுக்கு? சயாம்ல உங்களுக்கு என்ன, ரெண்டாம் கல்யாணமா வச்சிருக்கு?"

"சும்மா இரு. அவன் போனா திரும்ப மாட்டான் கருப்பாயி. மண்வெட்டி பிடிச்சுப் பழக்கமில்ல. ஒரு வாரம் தாங்க மாட்டான். நான் உழைச்ச கட்டை."

"நாப்பத்து மூணு பேர் போனாங்களே, எல்லாம் உழைச்ச கட்டைதான். எவன் வந்தான்?"

சதாசிவம் கால் விரலால் மண்ணைக் கிளறினான்.

"அவன்கிட்ட சொல்லி, ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணியிருக்கலாமே? எதுக்குத் திருட்டுத்தனம்?"

"அய்யய்யோ, அவனுக்குத் தெரியவே கூடாது." சதாசிவம் பதறிப் போனான். "அவன் ரோஷக்காரன். கால் ஆறிடுச்சுன்னு தெரிஞ்சா அந்த நிமிஷமே போய் லாரியில ஏறிடுவான். எனக்காக அண்ணன் போறதான்னு ஒத்துக்கவே மாட்டான். உனக்கு அவனைத் தெரியாது."

உலகத்தில் இப்படியும் ஒரு மடையன் இருப்பானா என்று கருப்பாயி பார்த்தாள். ஜப்பான்காரன் செருப்புச் சத்தத்துக்கு வளைகிற அந்த இடுப்பில் இவன் ரோஷத்தைக் கண்டுபிடித்திருக்கிறான்.

"சரி. அவனுக்கு எல்லாம் யோசிச்சீங்க. எனக்கு என்ன யோசிச்சீங்க?"

"உனக்கென்ன?" என்றான் சதாசிவம், ரொம்ப இயல்பாக, அவளைப் புகழ்கிற குரலில். "நீ தைரியசாலி. நான் இல்லாட்டியும் சமாளிச்சுக்குவே. உன்னை நம்பித்தானே அவனை விட்டுட்டுப் போறேன்."

பதினான்கு வருஷத்தில் அவன் அவளை அடித்ததில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கு அந்த மரத்தடியில் சொன்ன இந்த நல்ல வார்த்தை அவளை அடித்துப் போட்டது. அழக்கூடாது என்று நினைத்தாள், அழுதாள். அழுகிறோமே என்று அவளுக்குக் கோபம் வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து, மங்கை உதைத்துத் தள்ளிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

"கருப்பாயி! அவன்கிட்ட சொல்லாதே! உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்!" என்று அவன் பின்னால் ஓடிவந்தான்.

சொல்லாமல் இருப்பதா? சொல்லத்தானே போகிறாள். அண்ணன் இவ்வளவு நம்புகிற ரோஷம் இருக்கிறதா இல்லையா என்று இன்றைக்குப் பார்த்துவிடுவது என்ற முடிவோடுதான் அவள் லயத்துப் படியேறினாள்.

மனோகரன் பாயில் சாய்ந்து, காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, ஜப்பான் வார்த்தைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தான்.

கருப்பாயி கதவைத் திறந்துபோட்டுவிட்டு அவன் முன்னால் நின்றாள்.

"உங்க சொறி ஆறிப்போய் எட்டு நாள் ஆச்சு. இப்ப இருக்கிறது வியாதி இல்ல, விஷம். ரெங்காஸ் பால். கட்டுத்துணியில தடவுனது உங்க அண்ணன். நீங்க சயாமுக்குப் போகக்கூடாது, அவரு போகணும்னு தடவுறாரு. நாலு மணிக்கு டிரெஸ்ஸர் வர்றாரு. உங்க அண்ணனுக்கு உங்க மேல ரொம்ப நம்பிக்கை. விஷயம் தெரிஞ்சா நீங்களே போய் லாரியில ஏறுவீங்களாம். தெரிஞ்சுடுச்சுல்ல? இப்ப என்ன செய்யப் போறீங்க?"

மனோகரன் புத்தகத்தை மூடினான். அவனுக்கு அதிர்ச்சி ஒன்றும் ஏற்படவில்லை. முகத்தில் வந்தது சங்கடம். கடன் கேட்டு வந்தவன் முன்னால் வருகிற மாதிரி ஒரு சங்கடம்.

"தெரியும் அண்ணி" என்றான்.

"என்ன தெரியும்?"

"அண்ணன் தடவறது. முதல் வாரமே பார்த்தேன். கதவு இடுக்குல." பாயின் ஓரத்தை நகத்தால் நிமிண்டினான். "அவரா ஆசைப்பட்டு செய்யறாரு. நான் கேட்கலையே. நான் ஏன் போய் வேண்டாம்னு சொல்லணும்?"

"தெரிஞ்சுக்கிட்டே தினமும் காலை நீட்டுனீங்களா?"

"எனக்கு மட்டும் என்ன சுகமா அண்ணி? எப்படி அரிச்சுது தெரியுமா?"

கருப்பாயிக்குச் சிரிப்பு வந்தது. அவனைப் பற்றி அவள் நினைத்ததெல்லாம் சரி. ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. வாயைத் திறந்து அதைச் சொல்லப் போனவள், அவன் கண் தன் தோளுக்குப் பின்னால் பார்ப்பதைக் கவனித்துத் திரும்பினாள்.

வாசற்படியில் சதாசிவம் நின்றுகொண்டிருந்தான். ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. எப்போது வந்தான், எவ்வளவு கேட்டான் என்று கேட்க வேண்டியதில்லாமல் இருந்தது அவன் முகம்.

"அண்ணே" என்றான் மனோகரன்.

சதாசிவம் உள்ளே வரவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்தான். கையைப் பார்த்தான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். ரெங்காஸ் பால் கறுத்துப் பிடித்த விரல்களை முழங்காலில் தேய்த்துத் துடைத்தான். அது தேய்த்தால் போகிற கறை இல்லை. அவன் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

கருப்பாயி அவன் பக்கத்தில் போய் நின்றாள். நான் சொன்னேனே என்று சொல்ல வாய் வந்தது. பதினான்கு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. இப்போது சொல்ல அவளுக்கு மனசே வரவில்லை. இந்த மனுஷனுக்கு இருந்தது ஒரே ஒரு பைத்தியக்கார நம்பிக்கை, அதையும் தானே இழுத்துக்கொண்டு வந்து வெயிலில் போட்டுவிட்டோமே என்று தோன்றியது.

ஆபீசில் தண்டவாளத் துண்டை அடிக்கிற சத்தம் கேட்டது. நாலு மணி. லயத்து முனையிலிருந்து டிரெஸ்ஸர் தங்கராஜுவும் கிராணியும் வீடு வீடாக வந்துகொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் அழுகை. அடுத்த வீட்டில் சத்தமே இல்லை. அங்கம்மா தன் வாசலிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டில் ஒரே ஆண்பிள்ளை, பயமில்லை.

"சதாசிவம் வீடு" என்று கிராணி படித்தார். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

தங்கராஜு யாருடைய காலையும் பார்க்கவில்லை. கருப்பாயியின் முகத்தைத்தான் பார்த்தார். "இந்த வீட்டுலேருந்து யாரும்மா?"

தண்ணீர் எடுக்கவோ, விறகு பிளக்கவோ, வெள்ளைக்காரன் கூப்பிட்டாலோ ஜப்பான்காரன் கூப்பிட்டாலோ, இந்த வீட்டில் முதலில் எழுந்து போகிறவன் சதாசிவம். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று காதில் விழுவதற்கு முன்பே எழுந்துவிடுவான். மனோகரன் பாயில் சாய்ந்தபடியே அண்ணனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான், அந்த முதுகு இதோ நிமிரப் போகிறது என்று.

"அண்ணே" என்றான் மறுபடியும். "உங்களைத்தான் கேக்கறாங்க."

சதாசிவம் எழுந்திருக்கவில்லை.